சந்தனம் பட்ட விமானம்

இந்த மாதிரிக் கட்டுரைகளை வழக்கமாக ஓய்வுபெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு அந்தத் தகுதி கிடையாது. தலையில் ஒரு மயிர்கூட இன்னும் நரைக்கவில்லை. ஆனால் எங்கள் பட்டறையே இளசு. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான ஓடுபாதையின் ஓரத்தில் ஒரேயொரு கொட்டகை, அதற்குள் இடித்துப்பிடித்து இரண்டு சிறு விமானங்கள் நிற்கும். அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் ஆள் நான் என்பதால், புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று என்னைப் பிடித்துவிட்டார்கள்.

இயந்திரத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. அதை உங்களுக்குப் படிப்பித்து, பரீட்சையும் வைத்துவிட்டார்கள். விமானச் சொந்தக்காரரைப் பற்றி உங்களுக்கு ஒருவரும் பாடம் எடுத்திருக்கமாட்டார்கள். எனக்கும் எடுக்கவில்லை.

பெரிய கம்பனிகளில் வேலை செய்கிறவன் சொந்தக்காரரின் முகத்தையே காணமாட்டான். எங்களிடம் அப்படி இல்லை. சொந்தக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவார். ஒரு பை மாம்பழத்தை மேசையில் வைப்பார். நாங்கள் இயந்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்க, பின்னால் நின்று "முடிஞ்சுதோ தம்பி?" என்று கேட்பார். உங்கள் ஊர் எது, கொப்பர் என்ன தொழில், தங்கச்சிக்குக் கலியாணம் பேசியாச்சோ, எல்லாம் அவருக்குத் தெரியும். எங்கள் பட்டறையில் எனக்கு மிகவும் பிடித்த விடயம் இதுதான். எனக்குப் பயமான விடயமும் இதுதான்.

நான் சொல்லப்போகிற சொந்தக்காரர் அச்சுவேலிக்காரர். கனடாவில் நெடுங்காலம் இருந்து, அங்கேயே விமானம் ஓட்டப் பழகி, ஊருக்குத் திரும்பி வந்து, நாலு பேர் இருக்கக்கூடிய பழைய விமானம் ஒன்றை வாங்கியவர். தானே ஓட்டுவார். அவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். தாய் தகப்பன் வெள்ளென இறந்துவிட்டதால் அவரையும் அவருடைய அக்காவையும் வளர்த்து ஆளாக்கியவர் கொழும்பில் இருந்த மூத்த தமையன். அண்ணை விமானம் வாங்கியதே பெரியண்ணையை அடிக்கடி போய்ப் பார்க்கத்தான் என்று அக்கா பகிடியாகச் சொல்லுவா.

நான் குருநகர். அப்பா கடற்றொழில். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். என்னுடைய தொழில் அனுமதிப்பத்திரம் கிடைத்த அன்று அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உதிலை உன்ரை பேர் எங்கை கிடக்கு?" என்று கேட்டா. காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றா. அப்பா எதற்கும் பெருவிரல் பதிக்கிறவர். அவருடைய மகன் கையொப்பம் வைத்தால்தான் ஒரு விமானம் எழும்பலாம் என்பது எங்கள் வீட்டில் பெரிய கதை.

நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்சக் காலத்தில் அப்பாவின் படகு இயந்திரம் நடுக்கடலில் நின்றுபோனது. இரவு முழுக்க ஆள் வரவில்லை. கரையில் இருந்து படகுகள் தேடப் போயின. விடியற்காலை நான் வேலைக்கு வரமுடியாது என்று சொல்ல எடுத்த அழைப்பு எப்படியோ அண்ணையின் காதுக்குப் போய்விட்டது. அவர் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. அனுமதி எடுத்து, தன்னுடைய விமானத்தைத் தானே எழுப்பிக்கொண்டு கடலுக்கு மேலே போனார். தீவுகளுக்கு அப்பால் அப்பாவின் படகைக் கண்டு, சுற்றிச் சுற்றிப் பறந்து, தேடிப்போன படகுகளுக்கு இடத்தைக் காட்டிக் கொடுத்தார்.

அப்பா உடுத்திருந்த சாரத்தைக் கழற்றி ஆட்டித்தான் அடையாளம் காட்டியிருக்கிறார். அதன் பிறகு என்னை எங்கே கண்டாலும் அண்ணைக்கு ஒரே பகிடி.

"டேய், உன்ரை கொப்பரை நான் முதல்முதல் கண்டது சாரம் இல்லாமல்தான் தெரியுமோ? மேலை நிண்டு பாக்கேக்கை நல்ல வடிவு!"

அப்பாவும் விடமாட்டார். "உவர் கீழாலை பறந்திருந்தால் நான் ஏன் அவிழ்க்கப் போறன்?" என்பார். அவருடைய வலையில் நல்ல மீன் பட்டால் அதில் ஒரு பங்கு அச்சுவேலிக்குப் போகும்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நான் அந்த விமானத்தைப் பார்க்கும்போது வெறும் இயந்திரமாகப் பார்த்ததே இல்லை. அது என்னுடைய அப்பாவைக் கண்டுபிடித்த விமானம்.

வருடாந்தப் பரிசோதனை முடிந்த ஒரு நாள். காலையில் நான் கடைசியாக ஒருமுறை சுற்றிப் பார்த்து, கையொப்பம் வைத்து, விமானத்தை அண்ணையிடம் ஒப்படைத்தேன். வழமைபோல அவர் ஐயரையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். எங்கள் பக்கத்தில் புது மோட்டார் சைக்கிளுக்கும் பூசை, லொறிக்கும் பூசை, விமானத்துக்கும் பூசை. மூக்கில் மாலை, சில்லுக்கு அடியில் தேசிக்காய், முன்னால் தேங்காய். நான் வேதக்காரன், தேவாலயத்துக்குப் போகிறவன் என்றாலும் தேங்காய் உடைக்கும்போது ஓரமாகக் கைகட்டி நிற்பேன். பிரசாதமும் வாங்கிச் சாப்பிடுவேன்.

பூசை முடிந்து ஐயர் போய்விட்டார். மிச்சச் சந்தனக் கிண்ணத்தோடு அக்கா விமானத்தைச் சுற்றி வந்தா. கதவில் ஒரு பொட்டு, இறக்கையில் ஒரு பொட்டு. உடம்பின் பக்கவாட்டில், வெளிக்காற்றின் அழுத்தத்தை உள்ளே கொண்டுபோகிற சின்னத் துளைகள் இருக்கும் அல்லவா, அவற்றைச் சுற்றி யாரும் அடைத்துவிடக்கூடாது என்பதற்காக நாங்கள் ஒரு சிவப்பு வட்டம் தீட்டி வைத்திருப்போம். விமானத்தைத் தெரியாத ஒருவரின் கண்ணால் அதைப் பாருங்கள். பொட்டு வைக்கவென்றே யாரோ வட்டம் கீறி வைத்த மாதிரி இருக்கும். அக்கா வட்டத்தின் நடுவில், வடிவாக, பெருவிரலால் அழுத்திச் சந்தனத்தை வைத்தா. மற்றப் பக்கத்துக்கும் போய் அதே இடத்தில் இன்னொன்று.

நான் கண்டு, வாயைத் திறப்பதற்கு முன் அண்ணையின் தொலைபேசி அடித்தது.

கொழும்பில் இருந்து. பெரியண்ணையை ஆசுப்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். மோசம். பார்க்கிற ஆட்கள் வந்து பார்க்கட்டாம்.

அண்ணை தொலைபேசியைக் காற்சட்டைப் பைக்குள் வைக்க இரண்டு மூன்று தரம் முயற்சி செய்தார். பை வாய் அகப்படவில்லை. பிறகு அக்காவைப் பார்த்து, "ஏறு. இப்பவே போவம். ஒண்டரை மணித்தியாலத்திலை கொழும்பு, இரத்மலானையிலை இறங்கலாம்" என்றார்.

நான் சொன்னேன். "அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ. துளைக்குள்ளை சந்தனம் போயிட்டுது."

அந்தத் துளைகள் அடைத்தால் உயரமானி பொய் சொல்லும், வேகமானி பொய் சொல்லும். அவருக்கு இது விளக்கவேண்டிய விடயம் இல்லை. அவர் போய்ப் பார்த்தார். நான் ஈரத்துணியால் வெளியே இருந்ததைத் துடைத்தெடுத்தேன். துளையின் வாயில் மஞ்சளாக ஒரு கறை தெரிந்தது. உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்று கண்ணால் சொல்லமுடியாது.

"வாயாலை ஊதிவிடு."

"ஊதினால் உள்ளுக்கை மானியள் உடைஞ்சுபோம் அண்ணை. உங்களுக்குத் தெரியும்தானே."

அக்கா சேலைத் தோளில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி நீட்டினா. "இந்தா தம்பி, இதாலை குத்தி எடும்."

"குத்தினால் இன்னும் உள்ளுக்கைதான் போகும் அக்கா."

அவ ஊசியை நீட்டியபடியே நின்றா. தோள் சேலை நழுவி விழுந்ததைக்கூட அவ கவனிக்கவில்லை. "சாமிக்கு வைச்ச சந்தனம் ஆரையும் விழுத்தாது. நீங்கள் வேதக்காரர், உங்களுக்கு உது ஊத்தையாத்தான் தெரியும்."

அந்தச் சொல் எனக்குச் சுட்டது. அதைவிட, அதைச் சொன்ன வாயின் நடுக்கம் சுட்டது.

அண்ணை அமைதியாகத்தான் கதைத்தார். "தம்பி, கபினுக்குள்ளை மாற்று வால்வு இருக்கு. வெளித் துளை அடைச்சால் அதைத் திறந்துபோட்டு உள்காத்திலை ஓடலாம். நான் கனடாவிலை ஓடியும் இருக்கிறன்."

அது உண்மை. இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். உங்களோடு வாதாடுகிற சொந்தக்காரர் எப்போதும் முட்டாளாக இருக்கமாட்டார். அவர் சொல்வதில் முக்கால்வாசி சரியாக இருக்கும். மாற்று வால்வு என்பது பறக்கும்போது அடைத்தால் பத்திரமாக இறங்குவதற்கு. அடைத்திருக்கலாம் என்று தெரிந்துகொண்டே எழும்புவதற்கு இல்லை. போகிற வழியில், வன்னிப் பக்கம் முகில் கறுத்துக்கொண்டு கிடந்தது. அதற்குள் போனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, மானிகள்தான் கண். இன்னொன்றும் இருந்தது, அதை நான் வாயால் சொல்லவில்லை. தொலைபேசியைப் பைக்குள் வைக்கத் தடுமாறிய கை அவருடைய கை.

எங்கள் மேலாளர் அன்று கொழும்பில். துளைகளின் குழாயைச் சோதிக்கிற கருவியும் அவரோடு கொழும்பில். அவருக்கு அழைத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "நீர்தானே அங்கை நிக்கிறீர். பாத்துச் செய்யும்" என்றார். பாத்துச் செய்யும்! போகலாம் என்றும் சொல்லவில்லை, போகக்கூடாது என்றும் சொல்லவில்லை. உங்களுக்கும் ஒரு நாள் இந்த அழைப்பு வரும். அந்தப் பக்கம் இருக்கிறவர் கெட்டவர் இல்லை. முடிவு தன் தலையில் விழாமல் பார்க்கிறார், அவ்வளவுதான்.

நான் விமானத்துக்குள் ஏறி, சுக்கானில் பறக்கக்கூடாது என்ற சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டேன். காலையில் வைத்த கையொப்பத்தைக் கோடிழுத்து வெட்டினேன். இறங்கி வந்து, "அண்ணை, ஏலாது. றோட்டாலை வான் பிடிச்சுப் போங்கோ" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்பாவைப் பற்றி அவர் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். அக்காவின் கையைப் பிடித்து, "வா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் போன வான் வவுனியா தாண்டும்போது செய்தி வந்திருக்கிறது. விமானத்தில் போயிருந்தால் உயிரோடு கண்டிருப்பார்கள்.

அடுத்த நாள் மேலாளர் கருவியோடு வந்தார். பொருத்திச் சோதித்தோம். இரண்டு பக்கத் துளைகளும் திறந்துதான் இருந்தன. சந்தனம் வாயிலில் மட்டும் நின்று காய்ந்திருந்தது. மேலாளர் கருவியைச் சுருட்டி வைத்துக்கொண்டு, "நல்ல விசயம்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, கருவியைத் தூக்கிக்கொண்டு போனார்.

உங்களுடைய பாடப் புத்தகங்களில் வருகிற கதைகள் இப்படி முடியாது. அவற்றில் ஒருவன் சந்தேகப்படுவான், பறக்கவிடமாட்டான், திறந்து பார்த்தால் பெரிய வெடிப்பு இருக்கும், எல்லோரும் அவன் கையைப் பிடித்து நன்றி சொல்வார்கள். திறந்து பார்த்தால் ஒன்றுமே இல்லாத கதையை ஒருவரும் எழுதுவதில்லை. எங்கள் தொழிலில் அதுதான் கூடுதலாக நடக்கும். அதனால்தான் நான் இதை எழுதுகிறேன்.

அன்று பின்னேரம் வீட்டில் அப்பாவுக்குச் சொன்னேன். அவர் வலையில் ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்தார். கோப்பதை நிறுத்தவில்லை.

"அவருக்கு நீ ஏலாது எண்டு சொன்னனியோ?"

"ஓம் அப்பா."

"அந்த மனிசன் எனக்காக ஏறேக்கை ஆரும் ஏலாது எண்டு சொல்லேல்லை."

அதற்கு நான் பதில் வைத்திருந்தேன். அன்று விமானம் சரியாக இருந்தது, நான்தான் பார்த்திருந்தேன் என்று. ஆனால் அப்பா பதில் கேட்கவில்லை. பெரியண்ணையின் உடலை ஊருக்குக் கொண்டுவந்திருந்தார்கள். செத்தவீட்டுக்கு என்னோடு வராமல், விடிய எழும்பித் தனியாகப் பஸ் எடுத்து அச்சுவேலிக்குப் போய்விட்டார்.

நான் போகலாமா விடலாமா என்று வீதியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி நிறுத்தித்தான் போனேன். பந்தல் போட்டு, கதிரைகள் அடுக்கி, சனம் நிறைந்திருந்தது. அண்ணைக்குப் பக்கத்துக் கதிரையில் அப்பா இருந்தார். அக்கா பெண்களோடு உள்ளே இருந்தவ, என்னைக் கண்டு வாசற்படிக்கு வந்து நின்றா. நான் அண்ணைக்கு முன்னால் போய்க் கைகளைக் கூப்பினேன்.

அவர் கேட்டார். "பாத்தனியளோ?"

"ஓம் அண்ணை."

"அடைச்சுக் கிடந்ததோ?"

நான் பொய் சொல்ல நினைத்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், சொல்ல நினைத்தேன். ஓம் என்று ஒரு சொல் போதும். அவர் என் கையைப் பிடிப்பார். அப்பா நிமிர்ந்து பார்ப்பார். பெரியண்ணையை உயிரோடு காணமுடியாத வருத்தத்தோடு, உயிர் தப்பினோம் என்ற ஆறுதலாவது அவருக்குக் கிடைக்கும். ஆனால் வாசற்படியில் அக்கா நின்றா. நான் ஓம் என்றால், அந்தச் சந்தனத்தை வைத்த பெருவிரலை அவ சாகும்வரை பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும்.

"இல்லை அண்ணை. திறந்துதான் கிடந்தது. காத்து போய் வந்தது."

அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் இருந்துவிட்டா.

"அப்ப போயிருக்கலாம்" என்றார் அண்ணை.

"ஓம் அண்ணை. போயிருக்கலாம்."

"அண்டைக்கு உனக்கு அது தெரியுமோ?"

"தெரியாது அண்ணை."

அவர் தலையாட்டினாரா, சும்மா குனிந்தாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. பின்னால் வந்தவர் கைகூப்ப, அவரைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் எழும்பி, வரிசையாகத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தவரிடம் ஒன்று வாங்கி, என் கையில் தந்தார்.

அந்த முடிவு சரி என்று எனக்குத் தெரியும். திரும்ப அதே நாள் வந்தாலும் அதே அட்டையைத்தான் தொங்கவிடுவேன். அப்படியென்றால் எதற்கு வெட்கம் என்று கேட்பீர்கள். நானும் என்னையே கேட்டேன். தப்புச் செய்தவனுக்குத்தான் வெட்கம் வரும் என்றுதான் நான் வளர்ந்தேன். அது அப்படி இல்லை. எனக்கு எல்லாம் தந்த ஒரு மனிதன் ஒரேயொரு முறை என்னிடம் ஒன்று கேட்டான், நான் கொடுக்கவில்லை. கேட்டது கொடுக்கக்கூடாத ஒன்று என்பதால் அந்த வெட்கம் குறைந்துவிடாது. ஆகவே, வெட்கமாக இருக்கிறதே, அப்படியென்றால் நான் பிழை விட்டிருக்கிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அந்த நினைப்பில் அட்டையைக் கழற்றியவர்கள் இருக்கிறார்கள்.

இதன் பிறகு பட்டறையில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தோம். பூசைக்கு முன் துளைகளின் மேல் ஒட்டுநாடா ஒட்டவேண்டும், பூசை முடிந்து, கிண்ணத்தைக் கழுவி வைக்கும்வரை அதை எடுக்கக்கூடாது. பொட்டு வைக்கவென்று மூக்கில் ஓர் இடத்தை நாங்களே மரியாதையாகக் காட்டிக் கொடுக்கவேண்டும். ஒருவரும் குறை நினைத்ததில்லை.

இன்னொன்றையும் செய்தேன். அதை மேலாளரைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. சில மாதங்களுக்குப் பிறகு அண்ணை விமானத்தைக் கொண்டுவந்தார். வேறு பட்டறைக்குப் போகவில்லை. நான்தான் பார்த்தேன். ஒரு சில்லின் ரயர் தேய்ந்து, மாற்றவேண்டிய அளவுக்கு வந்திருந்தது. வந்துவிட்டதா, இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்கிற இடம். மாற்றுவதென்றால் புது ரயர் வரும்வரை விமானம் நிற்கவேண்டும். நான் அதற்குப் பக்கத்தில் குந்தியிருந்து, "இன்னும் நாலைஞ்சு தரம் இறங்கத் தாங்கும்" என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டதைக் கேட்டேன். வேறு எந்த விமானமாக இருந்தாலும் அந்தச் சொல் எனக்குள் வந்திருக்காது. ஏதாவது ஒன்றையாவது அவருக்குக் கொடுக்கவேண்டும் என்று என் கை தேடிக்கொண்டிருந்தது.

ரயரைக் கழற்றினேன். கையைக் கழுவினேன். மேலாளரிடம் போய், இனி அந்த விமானத்துக்கு நான் கையொப்பம் வைக்கமாட்டேன் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். "அவருக்கு முன்னாலை என்ரை கண் சரியாப் பாக்காது சேர்" என்றேன். அவர் அன்று பாத்துச் செய்யும் என்று சொல்லவில்லை. சரி என்று எழுதி வைத்தார்.

வருகிற கிழமை அந்த விமானம் திரும்பவும் பரிசோதனைக்கு வருகிறது. உங்களில் ஒருவர்தான் பார்க்கப் போகிறீர்கள். அண்ணை நல்ல மனிதர். உங்கள் ஊர் எது, கொப்பர் என்ன தொழில் என்று கேட்பார், மறைக்காமல் சொல்லுங்கள். மாம்பழம் தந்தால் வாங்குங்கள். அவருடைய பகிடிக்குச் சிரியுங்கள். பிறகு அவரை ஒரு கதிரையில் இருத்திவிட்டு, விமானத்தை முழுவதும் ஒருமுறை தனியாகச் சுற்றி வாருங்கள்.

நான் கொட்டகையின் மற்றப் பக்கத்தில், வேறோர் இயந்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பேன். அவர் என்னைக் கேட்டால், இங்கேதான் நிற்கிறான் என்று சொல்லுங்கள். இதுவரைக்கும் கேட்டதில்லை.